சத்து மாத்திரை அல்ல

வலது கை ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. இடது கைக் கட்டைவிரல், வெட்டிய துணியின் வாய் அகன்றுவிடாமல் அழுத்திப் பிடித்திருந்தது. மெழுகு தேய்த்த நூல் ஒவ்வொரு தடவையும் விளிம்பைச் சுற்றி வந்து, தன் வளையத்துக்குள்ளேயே நுழைந்து, சின்ன முடிச்சாக உட்கார்ந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் முடிச்சு. இடைவெளி கிடையாது, ஒன்றின் தோளில் இன்னொன்று ஏறுவதும் கிடையாது. பொத்தான் துளைதானே என்று மற்றவர்கள் நினைக்கலாம். கோட்டு போட்டவர் அவசரத்திலும் கோபத்திலும் இழுக்கிற இழுப்பெல்லாம் வந்து விழுகிற இடம் அதுதான். கோட்டில் முதலில் செத்துப்போவதும் அதுதான்.

துளை எடுப்பதைத் தையல்காரர்கள் காஜா எடுப்பது என்பார்கள். அதையே வருடக்கணக்காகச் செய்ததால் அவள் காஜாக்கா ஆகிவிட்டாள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவாள்.

கடை இரண்டாம் மாடியில் இருந்தது. நடுவில் வெட்டு மேசை. அது கட்டிங் மாஸ்டரின் ராஜ்ஜியம். சுவரோரமாகத் தையல் மெஷின்கள். கதவுக்குப் பக்கத்தில் இஸ்திரி மேசை. மழைக்காலத்தில் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நின்று பேசுவார்கள். வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலுக்கு அடியில் காஜாக்காவின் பெஞ்சு. பெஞ்சில் ஒரு பொத்தான் டப்பா, மெழுகுக் கட்டி, பஞ்சு அடைத்த ஊசி மெத்தை. அந்த மெத்தையிலிருந்து ஒரு ஊசியை யாரும் எடுக்க முடியாது. "கையில ஊசி இல்லக்கா, ஒண்ணு குடுங்க" என்று வருகிறவர்களுக்கு டப்பாவைத் திறந்து, காகிதத்தில் குத்தியிருக்கும் புது ஊசியைப் பிய்த்துக் கொடுப்பாள். தான் தைத்த ஊசியைத் தரவே மாட்டாள். அதனால் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ஊசிக் கருமி என்றும் ஒரு பெயர் உண்டு. அது தெரிந்தும் தெரியாததுபோல இருந்துவிடுவாள்.

டீக்கடைக்காரர் கெட்டிலைக் கைப்பிடிச் சுவரில் இடித்துக்கொண்டே படியேறி வருகிற சத்தம் கேட்டதும் காஜாக்கா ஊசியை வைப்பாள். பொத்தான் டப்பாவின் அடித்தட்டிலிருந்து ஒரு வெள்ளை பாட்டிலை எடுப்பாள். ஒரு மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர். பிறகுதான் டீ.

இந்தப் பழக்கம் வந்த கதை வேறு. முதன்முதலாகக் கர்ப்பமாகி ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. கண்ணாடி வெட்டும் வேலை பார்க்கிற கணவருக்கும் இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்ற சண்டை கொஞ்ச காலம் வீட்டில் ஓடியது. ஒருவர் ஜெயித்தால்கூட இருவருக்கும் மாத்திரை ஒன்றுதான் என்று புரிந்ததும் சண்டை தானாக ஓய்ந்துவிட்டது. கர்ப்பம் முழுக்க அவள் மாத்திரை சாப்பிட்டாள். பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தார்கள்; திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். குழந்தைக்கு வைரஸ் இல்லை. அந்த மகள் இப்போது அம்மாவைவிட உயரம். அம்மாவின் செருப்பு பத்தவில்லை என்று சண்டை போடுகிறவள்.

ஆரம்பத்தில் கொடுத்த மாத்திரைகள் அவளைப் படாத பாடு படுத்தின. கனவில் மூன்று கை வைத்த கோட்டு தைக்கச் சொல்லி யாராவது வந்து நிற்பார்கள். "மூணாவது கைக்கு அளவு எங்க எடுக்கிறது?" என்று அவள் தூக்கத்தில் கேட்பதைக் கணவர் மறுநாள் நடித்துக் காட்டுவார். ஆனாலும் விடவில்லை. பிறகு மருந்தை மாற்றினார்கள்; மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையாக வந்தது. ஏன் மூன்று என்று மருந்தறையில் இருக்கிற அம்மாவிடம் கேட்டாள். ஒரே மருந்து என்றால் வைரஸ் அதை ஏமாற்றக் கற்றுக்கொள்ளும் என்றார் அந்த அம்மா; மூன்று பக்கமும் வழி மறித்தால் ஓடப் பாதை இருக்காது, ஆனால் நாள் தவறினால் நீங்களே கதவைத் திறந்து விட்டதுபோல. ஒரு நாளும் தவறாத வேளையாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார். காஜாக்கா யோசித்தாள். வீட்டில் காலை நேரம் ரயில் நிலையம். எது வேண்டுமானாலும் மறக்கும். இந்தக் கடையில் மின்சாரம் போனாலும் போகும், டீ வராமல் இருக்காது. விடுமுறை நாளில்கூட அந்த நேரத்துக்கு வீட்டில் அடுப்பில் டீத்தண்ணீர் ஏறிவிடும்.

அந்த அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார்: வேறு எந்த மாத்திரை சாப்பிடுவதானாலும் எங்களிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். காஜாக்கா அதையும் அளவுநாடாபோலப் பிடித்துக்கொண்டாள். முதுகு வலிக்கு மருந்துக்கடையில் எதையோ நீட்டினால் வாங்கமாட்டாள். சிறுநீரகத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு வந்துதான் வாங்குவாள். கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, அதை இதோடு எப்படிச் சாப்பிடுவது, எவ்வளவு நேரம் விடுவது என்று விசாரித்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறந்தாள். ரத்தத்தில் வைரஸ் தேடியும் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து பல வருடம் ஆகிறது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவள் ஒரு வார்த்தையில் கோட்டைவிட்டாள். கடையில் முதல் நாள் மாத்திரையை எடுத்தபோது இஸ்திரிக்காரர் என்ன மாத்திரை என்று கேட்டார். சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

"சத்து மாத்திரை."

அவ்வளவுதான். அது அப்படியே நிலைத்துவிட்டது.

மெஷினில் உட்காருகிற பெண்களில் ஒருத்திக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். காலை மிதியில் வைத்தால் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் தைப்பாள். பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியவள் பாசஞ்சராகிவிட்டாள். முகம் வெளிறிக் கிடந்தது. எழுந்தால் கண் இருட்டியது. வீட்டில் கைக்குழந்தை, தூக்கம் கிடையாது. எதிரே காஜாக்கா சளி காய்ச்சல்கூட இல்லாமல் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தாள். தினமும் ஒரு மாத்திரை போடுகிறாள். எக்ஸ்பிரஸ் போட்ட கணக்கில் தப்பு சொல்ல முடியாது.

ஒரு மாத்திரை தரச் சொல்லிக் கேட்டாள். காஜாக்கா, இது உனக்கு ஒத்துக்காது, ஆஸ்பத்திரியில் காட்டு என்றாள். இன்னொரு நாளும் கேட்டாள். அதே பதில். "சரிக்கா. உங்க சத்து உங்களோடயே இருக்கட்டும். ஊசிக்கே அந்தப் பாடு, மாத்திரையா வந்துடப் போகுது" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே ஒரு நாள், காஜா எடுத்த கோட்டை இஸ்திரி மேசையில் கொடுத்துவிட்டுத் திரும்பினால், எக்ஸ்பிரஸ் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பொத்தான் டப்பா திறந்திருக்கிறது. ஒரு கையில் தண்ணீர் டம்ளர். இன்னொரு கையில் மாத்திரை. வாய்க்குப் போகிற வழியில்.

காஜாக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். தண்ணீர் கொட்டியது. மெஷின்கள் நின்றன. எல்லோரும் பார்த்தார்கள். எக்ஸ்பிரஸுக்கு அழுகையும் ரோஷமும் சேர்ந்து வந்தன. ஒரு மாத்திரைக்கா இப்படி என்று கேட்டாள்.

அந்த இடத்தில் காஜாக்காவுக்கு இன்னொரு பொய் சொல்ல நேரம் இருந்தது. சர்க்கரை மாத்திரை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் கட்டிங் மாஸ்டர் தன் மாத்திரை தீர்ந்த அன்றைக்குக் கை நீட்டுவார். தைராய்டு என்றால் ஓரத்து மெஷின்காரி கேட்பாள். பிரஷர் என்றால் கீழ் மாடியில் உட்காருகிற முதலாளியே மேலே ஏறி வருவார். மாத்திரையை யாரும் கடன் கேட்காத வியாதி என்று அந்த அறையில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுதான் உண்மையாகவும் இருந்தது.

"இது சத்து மாத்திரை இல்ல. எச்.ஐ.வி. மாத்திரை. எனக்கு எழுதிக் குடுத்தது. நீ சாப்பிடக் கூடாது."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். கத்தரிக்கோல் மேசையில் வைக்கப்படுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. எக்ஸ்பிரஸ் கையை உதறினாள். மாத்திரை தரையில் உருண்டு மெஷினுக்கு அடியில் போயிற்று. அழுக்கில் விழுந்ததை எடுத்துத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்தாள் காஜாக்கா. பாட்டிலிலிருந்து வேறொன்றை எடுத்து எல்லோருக்கும் எதிரில் விழுங்கினாள். வேளை அதுதான். அதை யாருக்காகவும் தள்ளிவைக்க அவள் தயாராக இல்லை.

மறுநாள் அவளுடைய டீ டம்ளர் தட்டிலிருந்து இறங்கி ஜன்னல் திட்டில் தனியாக உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் தன் கத்தரிக்கோலை மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்தியிருந்தார். பெஞ்சில் ஊசி மெத்தையைக் காணவில்லை. முதலாளி கீழே கூப்பிடுவதாகச் செய்தி வந்தது.

முதலாளி கெட்டவர் அல்ல, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வரலாம். பாவம், பாவம் என்று ஆரம்பித்தார். சம்பளத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். ஊசி வேலை மட்டும் வேண்டாம்; தைத்து முடித்த கோட்டுக்கு உறை போட்டு மடித்து அடுக்கினால் போதும் என்றார். கையில் குத்தி, கோட்டில் ரத்தம் பட்டு, நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் கடை என்ன ஆவது?

காஜாக்கா நின்றுகொண்டே கேட்டாள். இந்தக் கடையில் யார் விரலில் குத்தவில்லை? ஒரு பொட்டு பட்டால் குத்தியவரே நூலை எச்சிலில் நனைத்து ஒற்றி எடுத்துவிட்டு, தண்ணீரில் அலசுகிறோம். நீங்கள் போட்டிருக்கிற கோட்டிலேயே மாஸ்டரின் ரத்தம் இரண்டு இடத்தில் பட்டு எடுத்தது என்றாள். முதலாளி குனிந்து தன் கோட்டைப் பார்த்துக்கொண்டார். துணியில் பட்டு உலர்ந்த ரத்தத்திலிருந்து கோட்டு போட்டவருக்கு இந்த நோய் வராது என்றாள். கூட உட்கார்ந்து டீ குடித்தால் வராது. தான் தைத்த ஊசியை இன்னொருவர் கையில் கொடுக்காமல் இருப்பதும் அவளாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அதற்கு மேல் வைரஸ் பரிசோதனையில் அகப்படாத அளவில் இருக்கிறது.

முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். "அகப்படலைன்னா போயிடுச்சுன்னுதானேம்மா அர்த்தம்? அப்புறம் எதுக்கு மாத்திரை? நிறுத்திட்டா யாருக்கும் தெரியாது. பிரச்சினையே முடிஞ்சுது."

"உங்க பேண்ட் கால் மடிப்பைப் பாருங்க. நான் எடுத்த தையல்தான். வெளியில தெரியுதா?"

"தெரியலை."

"தெரியலைன்னு நூலை உருவிப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள மடிப்பு தரையில இழுபடும். மாத்திரைதான் அந்த நூல். உருவ மாட்டேன்."

பிறகு அவள் சொன்னது ஒன்றே ஒன்று. மடிக்கப் போக முடியாது. வேலையை விட்டு அனுப்புவதானால் அனுப்பலாம். ஆனால் காரணத்தை எல்லோருக்கும் எதிரில், வாய்விட்டுச் சொல்லி அனுப்ப வேண்டும். "பாவம்ங்கிற வார்த்தையை மட்டும் அதுல சேர்க்காதீங்க."

முதலாளியால் அதைச் சொல்ல முடியவில்லை. அவளும் போகவில்லை.

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சம்பளம் குறையவில்லை, உறை போட்டு மடிக்கிறதில் என்ன கௌரவம் போகிறது, வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால் மகளின் பள்ளிக்கூடம் வரைக்கும் பேச்சு போகாது என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. காஜாக்கா மகளைக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாம் தெரியும். "ஸ்கூல்ல யாராவது கேட்டா நான் பாத்துக்கிறேம்மா. நீ மடிக்கப் போனா மட்டும் உன்கூடப் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பாடம் எழுதப் போய்விட்டாள். கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நீ ஜாடை மாறாமல் உங்கம்மா மாதிரியே இருக்கே என்று மகளிடம் முணுமுணுத்தார். மறுநாள் அவரே ஒரு துண்டுத் துணியில் பஞ்சு அடைத்து, கோணல்மாணலாக ஒரு ஊசி மெத்தை செய்து நீட்டினார். அதைவிட மோசமான தையலை அவள் பார்த்ததில்லை.

அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். துணி வரவில்லை. வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். டீ வந்ததும் மாத்திரையைப் போட்டாள். ஜன்னல் திட்டில் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய், எல்லோர் டம்ளரும் இருக்கிற தட்டில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் டம்ளர் திட்டுக்குப் போயிருக்கும். அவள் திரும்பவும் தட்டுக்குக் கொண்டுபோவாள். இது இப்படியே நடந்தது. வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பதைப்போல உடம்பு நோகிற வேலை வேறில்லை என்று அப்போதுதான் கண்டாள். கோட்டுகள் வெளியே, மெஷினில் காஜா போடுகிற ஒரு கடைக்குப் போய் வந்தன. மாஸ்டர் அந்தக் காஜாக்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

முதலில் வந்தவள் எக்ஸ்பிரஸ். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸிடம் கேட்டிருக்கிறாள்: கூட வேலை செய்கிற ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

"உங்க பேரைச் சொல்லலக்கா" என்றாள், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து. "ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. அப்புறம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். விழுந்த திட்டு எனக்குத்தான். அடுத்தவங்க மாத்திரை என்ன மிட்டாயான்னு. ரத்தம் பாத்து இரும்புச் சத்து குடுத்திருக்காங்க." பையைத் திறந்து காட்டினாள். "இதுதான் நிஜ சத்து மாத்திரை. வேணுமா?"

"எனக்கு எழுதிக் குடுக்கல" என்றாள் காஜாக்கா. இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கு எக்ஸ்பிரஸ் தன் டம்ளரையும் ஜன்னல் திட்டில் கொண்டுபோய் வைத்தாள். மறுநாளிலிருந்து எல்லா டம்ளரும் தட்டிலேயே இருந்தன. யார் சொல்லி என்று தெரியாது. ஆனால் துணி இன்னும் வரவில்லை.

அப்போதுதான் பெரிய ஓட்டல் வாசல்காரரின் கோட்டு வந்தது. வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிற மனிதர். குளிரிலும் மழையிலும் நிற்கிற வேலை. கனத்த கம்பளித் துணி, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான். தினமும் போட்டுக் கழற்றுகிற கோட்டு. அளவெடுத்து வெட்டியவர் மாஸ்டர். வெளியே அனுப்பி ஒரு துண்டுத் துணியில் மெஷின் காஜா போட்டுப் பார்த்தார்கள். கம்பளி சுருங்கி, விளிம்பு பிசிறு தட்டி, பொத்தானை நுழைத்ததும் வாயைப் பிளந்தது.

முதலாளி மேலே ஏறி வந்தார். காதும் காதும் வைத்ததுபோல, கோட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். வெளியில் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

காஜாக்கா எழுந்து நின்றாள். இந்த முறை எல்லோரும் கேட்கத்தான் பேசினாள்.

"இந்த பெஞ்சுலதான் தைப்பேன். தைச்சு முடிச்சு, நானே அவர் கையில குடுப்பேன்."

"அவருக்கு விஷயம் தெரிஞ்சா என்னம்மா ஆகும்?"

"வியாதி என் சொந்த விஷயம். காஜா கடை விஷயம். அவரு கடை விஷயத்துக்குத்தான் வர்றாரு."

முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கத்தரிக்கோலைத் துடைத்தபடியே, அந்தத் துணியைக் கண்டவர் கையில் கொடுக்கிறதற்காகத் தான் வெட்டவில்லை என்றார். பிறகு கோட்டை எடுத்து வந்து பெஞ்சின் கோடியில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. அவருக்கு அன்றைக்கு முடிந்தது அவ்வளவுதான். காஜாக்காவும் அதற்கு மேல் கேட்கவில்லை. கோட்டை மடியில் இழுத்துக்கொண்டாள்.

சுண்ணக் கோடு போட்டு, அளவு பார்த்து, திரும்பவும் அளவு பார்த்து, துணியை வெட்டினாள். வெட்டின விளிம்போடு தடித்த நூலைப் படுக்கவைத்து, அதன்மேல் பட்டு நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனாள். கம்பளிக்குள் ஊசி எளிதில் இறங்காது. விரலில் மாட்டிய உலோகத் தொப்பியால் தள்ளி, மறுபக்கம் இழுக்க வேண்டும். சும்மா கிடந்த விரல்கள் முதல் துளையில் முரண்டு பிடித்தன. அதைப் பிரித்துவிட்டுத் திரும்பவும் எடுத்தாள். நடுவில் டீ வந்தது. மாத்திரை போட்டாள், டீ குடித்தாள், கையைத் துடைத்தாள், விட்ட முடிச்சிலிருந்து தொடர்ந்தாள். மாஸ்டர் ஏதோ துணி எடுக்கிற சாக்கில் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து போனார். முடிந்த துளையில் பொத்தானை நுழைத்து, பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

சொன்ன நாளில் வாசல்காரர் வந்தார். படியேறி வந்த களைப்பில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி அவருக்கு முன்னாலேயே மேலே வந்து இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கோட்டை வாங்கக் கை நீட்டியவர் முதலாளிதான். காஜாக்கா அவரைச் சுற்றிக்கொண்டு போய் வாசல்காரரிடம் கோட்டை நீட்டினாள்.

வாசல்காரர் பொத்தான் வரிசையில் விரலை ஓட்டினார். ஒரு துளையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்டார்.

"நான்தான் எடுத்தேன். போட்டுப் பாருங்க."

கோட்டின் இரண்டு தோள்களையும் பிடித்து விரித்துக் காட்டினாள். வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்குக் கோட்டு பிடித்துவிட்ட மனிதர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு திரும்பி நின்று ஒரு கையை நுழைத்தார். அடுத்த கையையும் நுழைத்தார். அவள் முன்னால் வந்து மேல் பொத்தானை மாட்டி, காலரை இழுத்துச் சரிசெய்து, கையை எடுத்துக்கொண்டாள்.